காரின் எஞ்சின் கொதிப்பது ஏன்?

வீட்டுக் கார் வழியில் சூடேறி நின்றுவிட்டால், ‘ரேடியேட்டர் கெட்டுவிட்டது’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் காய்ச்சலுக்குக் காரணங்கள் பல இருப்பதுபோல் இதற்கும் பல உண்டு. அவற்றை வீட்டிலேயே பிரித்தறியும் வகையை இங்குக் காண்போம்.

எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. மற்றொரு பங்கு புகையுடன் வெளியேறுகிறது. எஞ்சிய வெப்பத்தில் பெரும்பகுதியைச் சுமந்து செல்வது கூலன்ட் என்னும் திரவம். வாட்டர் பம்ப் அதை எஞ்சினைச் சுற்றி ஓடச் செய்கிறது. ரேடியேட்டரில் காற்றுப்பட்டு அது குளிர்ந்து திரும்புகிறது. இடையில் தெர்மோஸ்டாட் என்னும் சிறு கதவு உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் அது மூடியிருக்கும். பொதுவாக 80 முதல் 90 டிகிரி செல்சியஸில் திறக்கும்.

சோதிக்குமுன் ஓர் எச்சரிக்கை. நம் சமையலறை பிரஷர் குக்கரைப் போலவே ரேடியேட்டரும் அழுத்தத்தில் இயங்குகிறது. அதனால் உள்ளிருக்கும் திரவம் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்தால் அழுத்தம் நீங்கி, கொதிநீர் முகத்தில் பாயும். ஆகவே எஞ்சின் நன்றாக ஆறும்வரை மூடியைத் தொடவே கூடாது. சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் விரிசல் விடலாம்.

இனி, பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு வரிசையாகப் பார்ப்போம்.

1. எஞ்சின் ஆறியபின் கூலன்ட் அளவைப் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் அது எங்கோ போயிருக்கிறது. தரையில் நிறமற்ற நீர் சொட்டினால் பெரும்பாலும் ஏ.சி. நீர்தான். பச்சை அல்லது சிவப்புக் கறையாயின் கூலன்ட் கசிகிறது எனலாம். அது இனிக்கும் நஞ்சு. குழந்தைகளும் நாய், பூனைகளும் நக்கிவிடாதபடி உடனே கழுவிவிட வேண்டும்.

2. நெரிசலில் மட்டும் சூடாகி, ஓடும்போது தணிந்தால் மின்விசிறியைச் சந்தேகிக்கலாம். வேகமாகச் செல்லும்போது சூடானால் ரேடியேட்டர் அடைப்பையோ கூலன்ட் குறைவையோ நினைக்கலாம்.

3. முள் உயர்ந்திருந்தும் ரேடியேட்டரின் ஒரு குழாய் கொதித்து மற்றது குளிர்ந்திருந்தால், தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது ஓட்டம் வேறெங்கோ தடைப்பட்டிருக்கிறது. அருகில் கை கொண்டு சென்றாலே சூடு தெரியும்; தொட வேண்டாம். எஞ்சினை நிறுத்திய பின்னும் மின்விசிறி திடீரெனச் சுழலக்கூடும்.

4. வெளியே கசிவில்லை, ஆயினும் கூலன்ட் குறைகிறது. புகை வெண்மையாக வந்துகொண்டே இருக்கிறது. எண்ணெய் பாலேடு போல் தெரிகிறது. இவை ஹெட் காஸ்கெட் பழுதின் அடையாளங்கள். இந்நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது.

வழியில் முள் சிவப்பைத் தொட்டால், வீடு அருகில்தானே என்று ஓட்டாமல் உடனே ஓரமாக நிறுத்துவோம். சிறு குழாயின் பழுது எஞ்சினையே பாழாக்குவது அந்தச் சில நிமிட ஓட்டத்தில்தான். பிறகு மெக்கானிக்கிடம், ‘சூடாகிறது’ என்று மட்டும் சொல்லாமல், எப்போது, எங்கே, எவ்வாறு என்று சொல்வோம். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.