சூரியப் பலகையின் உண்மைத் திறன்

சூரிய ஒளியால் மின்சாரம் பெறும் முறை இன்று சிற்றூர்க் கூரைகள்வரை பரவியுள்ளது. 2024-இல் பி.எம். சூர்ய கர் திட்டம் தொடங்கப்பட்டபின், கடன் வாங்கிப் பலகை பொருத்துவோரும் உளர். "ஒரு கிலோவாட் பலகை நண்பகலிலும் ஒரு கிலோவாட் தருவதில்லையே, விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?" என்று அவர்களிற் சிலர் என்னிடம் வினவுவதுண்டு. அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பலகையில் அச்சிட்டுள்ள எண் ஆய்வுக்கூட அளவீடு ஆகும். அங்கே ஒளிச்செறிவு சதுர மீட்டருக்கு 1000 வாட். மின்கலத்தின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ். நம் மொட்டை மாடியிலோ கோடை நண்பகலில் மின்கலம் 60 டிகிரியைத் தொடக்கூடும். சிலிக்கன் மின்கலம் டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 விழுக்காடு திறனை இழக்கும். எனவே 35 டிகிரி மிகுதிக்கு 14 விழுக்காடு குறைகிறது. தூசி, நிழல், கம்பித்தடை, இன்வெர்ட்டர் ஆகியவற்றால் மேலும் சிறிது குறையும். இதில் ஏமாற்று ஏதுமில்லை.

அப்படியாயின் பழுதை அறிவது எவ்வாறு? இதற்கெனப் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-இல் வெளியிட்ட 61724-ஆம் எண் தரநூலில் 'செயல்திறன் விகிதம்' என்னும் அளவு கூறப்பட்டுள்ளது. ஒரு கிலோவாட் அமைப்பின்மீது ஒருநாள் விழுந்த ஒளியாற்றல் சதுர மீட்டருக்கு 5 யூனிட் எனக் கொள்வோம். இழப்பில்லையேல் 5 யூனிட் மின்சாரம் கிடைக்கவேண்டும். மீட்டர் 3.9 காட்டினால், 3.9-ஐ 5-ஆல் வகுக்க 0.78 வரும். இது நல்ல விகிதமே.

மழைநாளில் 2 யூனிட் ஒளிக்கு 1.6 யூனிட் கிடைத்தால் விகிதம் 0.80. உற்பத்தி சரிந்தும் பழுதில்லை. கொளுத்தும் வெயிலில் 6 யூனிட் ஒளிக்கு 3.6 மட்டுமே கிடைத்தால் விகிதம் 0.60. உற்பத்தி மழைநாளைவிட இருமடங்குக்கு மேல். ஆயினும் அமைப்பில் குறை உள்ளதெனக் கொள்ளலாம். மீட்டரை மட்டும் பார்ப்பவர் இவ்விரண்டையும் தலைகீழாகவே முடிவு செய்வார்.

ஒளியை அளக்கப் பைரனோமீட்டர் என்னும் கருவியைப் பலகையின் அதே சாய்வில் பொருத்துவர். 2016-இல் இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் கமுதி நிலையம் போன்ற பெரு நிலையங்களுக்கு இச்செலவு பொருட்டன்று. வீட்டுக்காரரோ, அதே திசையும் சாய்வும் கொண்ட, நிழல் படாத அண்டை வீட்டாரோடு கிலோவாட்டுக்குக் கிடைத்த யூனிட்டை மாதந்தோறும் ஒப்பிடலாம். வேறுபாடு தொடர்ந்தால் முதலில் பலகையைக் கழுவிப் பார்க்கவேண்டும். பின்னும் தேறாவிடில், குறிப்பேட்டுடன் விற்றவரை அணுகலாம். அத்தகைய குறிப்பேடு எழுத நம் பௌதிக மாணவர்கள் அவர்களுக்கு உதவவேண்டும் என்பது என் விருப்பம்.