பல்லாவரம் பாறை, சேலையூர் ஏரி: கேமராவில் அரூபம் பிடிக்க

இயற்கையில் அரூபப் படம் எடுக்க லடாக் வரை போக வேண்டாம். தாம்பரம் மின்சார ரயிலில் ஏறினால் போதும். செய்ய வேண்டியதெல்லாம் கழித்தல்தான். அடிவானம், மின்கம்பம், அளவைக் காட்டிக்கொடுக்கும் இலை, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சட்டத்துக்கு வெளியே தள்ளுங்கள்.

முதல் பாடத்துக்குப் பாறை நல்லது, ஓடாது, அசையாது. பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளில் இருப்பது சார்னோக்கைட். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறை மீது கிடக்கும் கல்லும் இந்த வகைதான். அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து 1893-ல் சார்னாக்கின் பெயரையே பாறைக்கும் வைத்துவிட்டார். புதிதாக உடைந்த முகத்தில் நீலச் சாம்பலும் எண்ணெய் தடவிய மினுக்கமும் தெரியும்; வெயிலும் மழையும் பட்ட முகத்தில் துருப் பழுப்பு. இரண்டும் சந்திக்கும் கோட்டைத் தேடுங்கள்.

சொரசொரப்பு வேண்டுமென்றால் காலை ஏழு மணிக்குள் போங்கள்; அப்போது வெளிச்சம் பக்கவாட்டில் விழும். நிறம் வேண்டுமென்றால் மழை விட்டதும் போங்கள். கேமராவைப் பாறைக்கு நேர் இணையாகப் பிடித்து, எஃப் 8 அல்லது 11 வையுங்கள். கறுத்த பாறையைக் கேமரா தானாக வெளுப்பாக்கிவிடும். எக்ஸ்போஷரை அரை ஸ்டாப்பாவது குறையுங்கள். போன் என்றால் அகல லென்ஸ் வேண்டாம், 2 எக்ஸ் போதும். ஒரே இடத்தை ஒரு பாக அகலம், ஒரு முழம், ஒரு சாண் என நெருங்கி நெருங்கி எடுங்கள். இது மலையா, உள்ளங்கையளவு கல்லா என்று எதில் சொல்ல முடியவில்லையோ, அதுதான் உங்கள் படம்.

அடுத்தது தண்ணீர். சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் ஏரிகள் வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு, டிசம்பர், ஜனவரியில் நிறைந்து நிற்கும். போலரைசரைத் திருப்பினால் பிரதிபலிப்பு போய் அடித்தரை எழுந்து வரும். நீர்ப்பரப்போடு சுமார் 37 டிகிரி சாய்வில் அது நன்றாக வேலை செய்யும். எனக்கு அதைவிடப் பிடித்தது பிரதிபலிப்பையே வைத்துக்கொள்வது. கரையோர அடுக்குமாடிகளின் மஞ்சளும் ரோஸும் அலையில் விழுந்ததும் வீடு என்ற அடையாளத்தை இழந்துவிடும். 1/1000 நொடியில் அவை சில்லுகளாக உறையும். கால் நொடியில் நூலாக இழுபடும். இதுவும் இயற்கையா என்று கேட்பவர்களுக்கு, பாதி இயற்கை என்பேன்.

ஆகாயத் தாமரைப் பூ ஆளை இழுக்கும். விட்டுவிடுங்கள், பூவென்று தெரிந்தவுடன் அரூபம் முடிந்தது. அழுகும் இலையின் விளிம்பு அதைவிடச் சுவாரசியம். சாக்கடை கலக்கும் இடத்து நுரை படத்தில் கொள்ளை அழகாக வரும். அதை எடுக்கலாம், ஆனால் இன்னதென்று குறிப்பு எழுதாமல் சுவரில் மாட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

மே மாத ஏரி வெடிப்பை எல்லோரும் எடுத்தாகிவிட்டது. நீங்கள் பாதி காய்ந்த விளிம்புக்குப் போங்கள்: கொக்கின் கால்தடம், வெளுப்பிலிருந்து கறுப்புக்கு இறங்கும் சேறு.

மேகத்தையும் விடாதீர்கள். ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் 1922 முதல் மேகங்களை எடுத்துச் சேர்த்த வரிசையில், பல படங்களில் தரையே கிடையாது. நம் ஊரில் கேபிள் ஒயருக்கு மேலே லென்ஸைத் தூக்குவதுதான் கஷ்டம், மொட்டைமாடி உதவும்.

நன்மங்கலம் காப்புக்காட்டுக்கு வனத்துறையிடமும், கிறித்துவக் கல்லூரி வளாகத்துக்கு நிர்வாகத்திடமும் அனுமதி கேளுங்கள். தண்ணீர் தேங்கிய கல்குவாரிப் பள்ளத்தின் ஓரத்துக்குப் போகாதீர்கள். விமான நிலையமும் விமானப்படைத் தளமும் அருகில் இருப்பதால் ட்ரோன் ஆசையே வேண்டாம்.

வீட்டுக்கு வந்து படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். எப்படித் திருப்பினாலும் நிற்பதை வையுங்கள், மற்றதை அழியுங்கள். ஏன் நிற்கிறது என்று புரியாவிட்டால், ஈஞ்சம்பாக்கத்தில் 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று தொடங்கிய சோழமண்டல் ஓவியர் கிராமத்தில் அரை நாள் செலவிடுங்கள். இடம், தேதியைக் கோப்பின் பெயரில் குறித்து வையுங்கள். படத்தின் தலைப்பில் வேண்டாம்.