காய்ச்சலில் படுத்தால் வேலை போய்விடுமா?

நம் வீட்டுப் பெண்கள் பலர் மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் போகிறார்கள். டைபாய்டில் பத்து நாள் படுத்தவளை, "சொல்லாம நின்னுட்டே, இனி வராதே" என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பினால் என்ன செய்வது?

சென்னை பக்கிங்காம் கர்நாடிக் மில்லில் 1957இல் இப்படி நடந்தது. லீவில் போனவர் நோய்வாய்ப்பட்டு, பிறகு டாக்டர் சான்று காட்டியும் வேலை கிடைக்கவில்லை. லீவு வாங்காமல் தொடர்ந்து எட்டு வேலை நாள் நின்றால் வேலையை விட்டதாகக் கணக்கு என்பது மில்லின் நிலையாணை. 1963இல் உச்ச நீதிமன்றமும் மில் பக்கமே தீர்ப்பளித்தது. பாவம்தான். 1993இல் வேறொரு வழக்கில், விளக்கம் கேட்காமல், விசாரிக்காமல் அப்படிப் பெயரை நீக்கக் கூடாது என்று அதே நீதிமன்றம் சொன்னது.

ஆனாலும் கோர்ட்டை நம்பி இருந்துவிடாதீங்க. படுத்த அன்றே எழுத்தில் தகவல் கொடுக்க வேண்டும். போனில் சொன்னால், "எனக்குத் தெரியாதே" என்பார் சூப்பர்வைசர். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நோட்டீஸ் வந்தால் பதில் எழுதுங்கள். ராஜினாமா என்று நீட்டும் தாளில் மட்டும் கையெழுத்துப் போடவே கூடாது. அது போட்டால் நாங்கள் வந்து பேசினாலும் கஷ்டம்.

சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? ஈ.எஸ்.ஐ. டாக்டரிடமே சான்று வாங்குங்கள். சந்தா நாட்கள் சரியாக இருந்தால் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்தில் 91 நாள் வரை கிடைக்கும்.