குதிநாண் அறுந்தால்

குதிகாலுக்குச் சற்று மேலே, காலின் பின்புறத்தை இரு விரல்களாற் பற்றிப் பார்த்தால் கெட்டியான கயிறு போன்ற ஒன்று தட்டுப்படும். கெண்டைக்காலின் இரு பெருந்தசைகள் கீழ்நோக்கி ஒடுங்கி, ஒன்றுகூடி, இக்கயிறாக மாறிக் குதிகால் எலும்பில் பொருந்துகின்றன. உடலிலுள்ள தசைநாண்கள் யாவற்றினும் தடித்ததும் வலியதும் இதுவே. நீளம் சுமார் 15 சென்டிமீட்டர். தசை சுருங்கும்போது இந்நாண் குதிகாலை மேலே இழுக்கிறது. அதனாலேயே நாம் முன்பாதத்தை ஊன்றி, உடலை முன்னே தள்ளி நடக்கிறோம், படியேறுகிறோம், மிதிவண்டி மிதிக்கிறோம்.

மேனாட்டார் இதனை அக்கிலீஸ் நாண் என்பர். கிரேக்கப் புராணத்தில் வரும் வீரன் அக்கிலீஸைக் குழந்தைப் பருவத்தில் அவன் தாய் குதிகாலைப் பிடித்துக்கொண்டு தெய்வ நதியில் தோய்த்தாள் என்றும், நீர் படாத அவ்விடத்தில் அம்பு தைத்து அவன் மாண்டான் என்றும் கூறுவர். நம் பேச்சு வழக்கிலோ இதற்குக் ‘குதிகால் நரம்பு’ என்று பெயர். உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் நரம்பு, இரத்தம் ஓடும் நாளம், தசையை எலும்போடு பிணைக்கும் நாண் ஆகிய மூன்றையும் ‘நரம்பு’ என்ற ஒரே சொல்லால் குறிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. இதனால் விளையும் குழப்பம் சிறிதன்று. ‘நரம்பு பிசகிவிட்டது’ என்று எண்ணி எண்ணெய் தேய்த்து உருவிக்கொண்டிருக்கையில், அறுந்த நாணுக்கு உரிய காலம் கடந்துபோய்விடுகிறது.

இந்நாண் இருவகையில் அறுபடும். முதலாவது, தோல் கிழியாமல் உள்ளேயே அறுவது. முப்பது முதல் ஐம்பது வயதுவரை உள்ளோர், நாள்தோறும் பயிற்சியின்றி, என்றேனும் ஒருநாள் ஓடவோ பந்தாடவோ முற்படும்போது இது நேர்கிறது. பள்ளி விளையாட்டு விழாவில் ஆசிரியர்களுக்கென நடத்தும் ஓட்டப் பந்தயம் இதற்கு நல்ல உதாரணமாகும். குதிகாலிலிருந்து 2 முதல் 6 சென்டிமீட்டர் உயரத்தில் நாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு. பெரும்பாலும் அவ்விடத்திலேயே அறுகிறது. சில மருந்துகளும் நாணை நலிவிக்கும். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் முதலிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்கு இவ்வியல்பு இருப்பதால், அவற்றின் குறிப்பேட்டில் கடும் எச்சரிக்கை அச்சிடவேண்டுமென்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2008-இல் கட்டளையிட்டது. சாதாரணக் காய்ச்சலுக்கு மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கி உண்பவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது வகை வெட்டுக்காயம். அரிவாள், கண்ணாடி, மிதிவண்டிச் சக்கரக் கம்பி ஆகியவற்றோடு, நம் நாட்டில் நன்கறியப்பட்ட மற்றொரு காரணமும் உண்டு. தரைமட்டக் கழிப்பறையில் கால் வழுக்கிப் பீங்கானுள் விழுந்தால், உடைந்த விளிம்பு குதிகாலின் பின்புறத்தை அறுத்துவிடும். தோலிற் காணும் காயம் இரண்டங்குலமே இருக்கலாம். உள்ளே நாண் முழுவதும் துண்டாகியிருக்கக்கூடும். தோலை மட்டும் தைத்து அனுப்பிவிடுவது போதாது. பள்ளிக் கழிப்பறையில் விரிசல் கண்ட பீங்கானை உடனே மாற்றுவிப்பது தலைமை ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாகக் கருதத்தக்கது.

உள்ளே அறுந்தவர்கள் ஏறக்குறைய ஒரே விதமாகக் கூறுவார்கள்: ‘பின்னாலிருந்து யாரோ உதைத்தாற்போல் இருந்தது, திரும்பிப் பார்த்தேன், ஒருவருமில்லை.’ சிலருக்கு ‘படார்’ என்ற ஓசையும் கேட்கும். வலி விரைவில் தணிந்துவிடுவதுண்டு. வேறு சிறு தசைகளின் உதவியால் பாதத்தைக் கீழ்நோக்கி அசைக்கவும், நொண்டி நடக்கவும் முடியும். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு முறிந்திராது. ஆகவே சுளுக்கு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். மேல்நாட்டு மருத்துவமனைகளிலேயே முதல் பரிசோதனையில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இக்காயம் தவறவிடப்படுகிறது என்று ஆராய்ச்சியாளர் எழுதியுள்ளனர்.

இதனைக் கண்டறியும் சோதனை மிக எளியது. கருவி எதுவும் வேண்டியதில்லை. 1957-இல் சிம்மண்ட்ஸ் என்பவரும் 1962-இல் தாம்சன் என்பவரும் இதனை விவரித்தனர். காயமுற்றவரைக் கட்டிலின் மேல் குப்புறப் படுக்கச் செய்து, பாதங்கள் இரண்டும் விளிம்புக்கு வெளியே தொங்குமாறு அமைக்க வேண்டும். நலமான காலின் கெண்டைத்தசையை உள்ளங்கையால் மெல்லப் பிசைந்தால் பாதம் தானே கீழ்நோக்கி அசையும். அறுந்த காலில் அவ்வசைவு இராது. அதனைக் கண்டவுடன், விரல்கள் கீழ்நோக்கி இருக்குமாறு பாதத்தை வைத்து, தட்டை கட்டி, நடக்கவிடாமல் மருத்துவமனைக்கு அனுப்புக. பாதத்தை மேல்நோக்கி மடக்குதலும் உருவுதலும் கூடா. அறுந்த முனைகள் அதனால் மேலும் விலகும். முதல் இரு வாரங்களே சிகிச்சைக்கு உகந்தவை. நான்கு, ஆறு வாரங்கள் கடந்துவிட்டால் தசை சுருங்கி இடைவெளி பெருகும். பிறகு பெருவிரலை மடக்கும் நாணை எடுத்து இங்கே பொருத்துவது போன்ற பெரிய சிகிச்சை தேவைப்படலாம்.

அறுவைச் சிகிச்சை அவசியந்தானா? தோல் கிழிந்த காயமாயின், பெரும்பாலும் ஆம். உள்ளே அறுந்ததாயின், விடை அவ்வளவு எளிதன்று. நார்வே நாட்டின் நான்கு மருத்துவமனைகளில் 526 பேரை மூன்று பிரிவாக்கி ஆராய்ந்து, 2022-இல் முடிவை வெளியிட்டனர். ஒரு பிரிவினருக்கு அறுவையின்றிக் கட்டு மட்டும்; ஒரு பிரிவினருக்குத் திறந்து தைத்தல்; மற்றொரு பிரிவினருக்குச் சிறு துளை வழியே தைத்தல். ஓராண்டு முடிவில் காலின் செயல்திறனில் மூன்று பிரிவினருக்கும் வேறுபாடில்லை. ஆனால் நாண் மீண்டும் அறுந்தவர்கள், கட்டு மட்டும் போட்டவரில் 100-க்கு 6.2, தைக்கப்பட்ட இரு பிரிவிலும் 0.6. மாறாக, உணர்ச்சி நரம்பு ஊறுபட்டவர்கள் சிறு துளை முறையில் 5.2, திறந்த முறையில் 2.8, கட்டு முறையில் 0.6. ஒன்றிற் பெறும் இலாபத்துக்கு மற்றொன்றில் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. நீரிழிவு உள்ளவர்க்கும் புகைபிடிப்பவர்க்கும் தைத்த புண் ஆறாமற் போகும் அபாயம் மிகுதி. ஓட்டம், விளையாட்டு இவற்றையே தொழிலாகக் கொண்டவர் தைத்துக்கொள்ள விரும்புவது இயல்பு.

எனவே மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும்போது, ‘அறுவையில் கைதேர்ந்தவரா’ என்று மட்டும் கேட்பது போதாது. எலும்பு மருத்துவத்தில் எம்.எஸ். அல்லது டி.என்.பி. பட்டம் உடையவரா, மாநில மருத்துவக் கவுன்சிலின் பதிவு எண் அவரது மருந்துச் சீட்டில் உள்ளதா என்பவை முதலில் பார்க்கத்தக்கவை. பதிவு எண்ணைச் சீட்டில் குறிப்பிட வேண்டுமென 2002-ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் கூறுகின்றன. அதன்பின் அவரிடம் நேரே கேட்கலாம்: இக்காயத்துக்கு ஆண்டில் எத்தனை பேருக்குச் சிகிச்சை செய்கிறீர்கள்? என் வயதிலும் உடல்நிலையிலும் கட்டு மட்டும் போட்டால் என்னாகும்? தைத்தபின் எந்த வாரத்தில் கால் ஊன்றலாம்? பயிற்சியை யார் மேற்பார்ப்பார்? சிகிச்சையின் நன்மை, அபாயம், மாற்று வழி ஆகியவற்றை நோயாளி அறிந்த பின்னரே சம்மதம் பெற வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்துள்ளது. ஆகையால் இக்கேள்விகளைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. இரு வழிகளையும் எடுத்துச் சொல்பவரும், காலைத் தம் கையால் தொட்டுச் சோதிப்பவரும் நம்பத்தக்கவர். ஸ்கேன் படத்தை மட்டும் பார்த்து அன்றே தேதி குறிப்பவரிடம் சற்றுத் தயங்குவதே நலம் என்பது என் கருத்து. தொலைவிலுள்ள நகரத்துப் புகழ்பெற்ற மருத்துவரைவிட, வாரந்தோறும் சென்று காட்டக்கூடிய மாவட்டத் தலைநகரின் மருத்துவர் பலருக்கு ஏற்றவர். ஏனெனில் அறுவை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடலாம். காலைத் தேற்றும் வேலையோ மாதக்கணக்கில் நீளும்.

முதல் இரு வாரம் பாதம் விரல் தாழ்ந்த நிலையில் மாவுக்கட்டிலோ விசேஷக் காலணியிலோ இருக்கும். காலை உயர்த்தி வைத்து, கவைக்கோலின் துணையுடன் நடக்க வேண்டும். பிறகு காலணியினுள் குதிகாலுக்கு அடியில் ஆப்புகளை அடுக்கி, கால் ஊன்றச் செய்வர். சில நாட்களுக்கு ஓர் ஆப்பாக நீக்கி, எட்டாம் வார அளவில் பாதத்தைச் சமநிலைக்குக் கொண்டுவருவர். முற்காலத்தில் மாவுக்கட்டை வாரக்கணக்கில் அசையாது வைத்திருந்தனர். அறுவையின்றிச் சிகிச்சை பெற்ற 540 பேரை ஆராய்ந்து 2020-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், தொடக்கத்திலேயே ஊன்றி நடக்கவிடும் காலணி மாவுக்கட்டுக்குச் சற்றும் குறைந்ததன்று எனத் தெரிந்தது.

இக்காலத்தில் நம் வீட்டு வழக்கங்கள் சில இடையூறாகும். குந்தி உட்கார்தல் நாணை முழுதும் இழுத்து நீட்டும். நீண்டு ஆறிய நாண் பின்னர் என்றும் வலுவிழந்தே இருக்கும். ஆகவே கழிப்பறையில் நாற்காலி அமைப்பு வேண்டும். கட்டு நீங்கிய பிறகும் வீட்டினுள் வெறுங்காலோடு நடவாமல், குதி உயர்ந்த செருப்பைச் சில வாரங்கள் அணிதல் வேண்டும். கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்குச் செல்க.

மூன்றாம் மாதம்வரை மீண்டும் அறுபடும் அச்சம் மிகுதி. வலியில்லை என்பதால் பேருந்தைப் பிடிக்க ஓடுவதும், ஏணியேறுவதும் அப்போதுதான் கேடு செய்யும். நாற்காலியில் அமர்ந்தபடி குதிகாலை உயர்த்துவதில் தொடங்கி, நின்று இரு கால்களால் உயர்த்தி, இறுதியில் காயமுற்ற ஒற்றைக் காலால் உயர்த்துவதே பயிற்சியின் ஒழுங்கு. வகுப்பில் அமர்ந்து கற்பிக்கும் ஆசிரியர் சில வாரங்களில் பணிக்குத் திரும்பலாம். வரப்பிலும் மேட்டிலும் நடக்கும் களப்பணியாளர்க்கு மூன்று, நான்கு மாதம் வேண்டியிருக்கும். மெல்லோட்டம் ஆறாம் மாத அளவிலும், பந்தாட்டம் ஒன்பது மாதத்துக்குப் பின்னுமே பொருந்தும். ஓராண்டு சென்றபின்னும் கெண்டைத்தசை மற்றக் காலினுடையதைவிடச் சற்று மெலிந்திருப்பதைப் பலரிடம் காணலாம். நடைக்கு அதனால் பெரும் குறையில்லை.