காலின் முறையீடு

சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் உளைகின்றது. நின்று இளைப்பாறினால் நோவு நீங்குகின்றது. மீண்டும் நடந்தால் மீளுகின்றது. முதுமையின் இயல்பென்று நாம் இதனைப் புறக்கணித்தல் தவறு. காலுக்குக் குருதி கொண்டு செல்லும் நாடிகளின் உட்சுவரிற் கொழுப்புப் படிந்து வழி ஒடுங்கியிருத்தல் கூடும். இதுவே புறநாடி நோய்.

2015ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 23 கோடியே 60 இலட்சம் பேர் இந்நோயுடையோரென மதிப்பிடப்பட்டது. அவருள் முக்காற் பங்கினருக்கு அணித்தானோர் நம் நாட்டைப் போன்ற நடுத்தர வருமான நாடுகளையும் வறிய நாடுகளையும் சேர்ந்தோர். இலங்கையில், கம்பகா மாவட்டத்து ஆய்வொன்று 40 முதல் 74 வயது வரையுள்ளோரில் 3.6 வீதமானோரிடம் இதனைக் கண்டது.

புகைத்தல், நீரிழிவு, உயர் குருதியமுக்கம், மிகுந்த கொலஸ்திரோல் என்பன இதன் முதன்மைக் காரணிகள். நீரிழிவினால் உணர்விழந்த காலில் நோவு தோன்றாமல், ஆறாத புண்ணே முதல் அறிகுறியாதலும் உண்டு. காலை இழத்தல் மட்டுமன்று. மாரடைப்பும் பக்கவாதமும் இந்நோயாளரை மிகுதியாக நாடுகின்றன.

இதனை அறிதல் எளிது. கணுக்காலின் குருதியமுக்கத்தைக் கையின் அமுக்கத்தால் வகுக்க, 0.9 அல்லது அதனிற் குறைந்த விடை வருமாயின் நோய் உண்டெனக் கொள்வர்.

வயலுக்கும் வாவிக்கும் நடந்தே வாழ்ந்த செட்டிபாளையத்தார் நாம். பழைய மாணவர்காள், புகைத்தலைக் கைவிடுமின்! இளைய மாணவர்காள், நீரிழிவுற்ற முதியோரின் பாதங்களை நாடோறும் பார்மின்! கால் முறையிடும்போதே கேட்பது அறிவுடைமை.