மழைக்காலமும் மோட்டார் சைக்கிளும்: எடுப்பதா, விடுவதா?

ஜூன் பிறந்துவிட்டால் மட்டாஞ்சேரியில் பல வீட்டு வாசல்களில் தினமும் காலையில் ஒரு சிறிய வாக்குவாதம் நடக்கும். "இந்த மழையில் வண்டி வேண்டாம்டா" என்பார் அம்மா. "ஒன்றும் ஆகாதும்மா" என்று சொல்லிக்கொண்டே பிள்ளை சாவியைத் தேடுவான். அம்மா பயத்தில் பேசுகிறார். பிள்ளை தைரியத்தில் பேசுகிறான். இரண்டு பேரும் கணக்குப் பார்ப்பதில்லை. ரயில்வேயில் வேலை பார்த்துப் பழகியவன் என்ற முறையில், அந்தக் கணக்கை நம் சங்கத்து இளைஞர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் எளிதாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்வோம். சாலையில் வரும் ஆபத்துகள் இரண்டு வகை. வேகத்தைக் குறைத்தால் தீர்ந்துவிடும் ஆபத்து ஒரு வகை. எவ்வளவு குறைத்தாலும் தீராத ஆபத்து இன்னொரு வகை. முதல் வகைக்கு நிதானம் மருந்து. இரண்டாம் வகைக்கு வண்டியை எடுக்காமல் இருப்பது ஒன்றே மருந்து. எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

உராய்வு என்னும் பிடிமானம்

வண்டி ஓடுவதும், திரும்புவதும், நிற்பதும் டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வினால்தான். காய்ந்த தார்ச்சாலையில் இதன் அளவு சுமார் 0.7 என்று வைத்துக்கொள்ளலாம். நனைந்த சாலையில் சுமார் 0.4. பனிக்கட்டி படிந்த சாலையில் 0.1 அல்லது அதற்கும் கீழே.

பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம், வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்காகும். 40 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி, காய்ந்த சாலையில் சுமார் 9 மீட்டரில் நிற்கும். நனைந்த சாலையில் அதற்கு 16 மீட்டர் வேண்டும். பனிக்கட்டியின் மேல் 63 மீட்டர் ஆகும். இதோடு, ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கை வைப்பதற்கு ஆகும் ஒரு நொடியையும் சேர்க்க வேண்டும். அந்த ஒரு நொடியில் வண்டி 11 மீட்டர் ஓடிவிடும்.

இதையே திருப்பிப் போட்டுப் பார்ப்போம். காய்ந்த சாலையில் 40 கி.மீ. வேகத்தில் கிடைக்கும் அதே 9 மீட்டர் வேண்டுமானால், நனைந்த சாலையில் 30 கி.மீ. வேகத்தில் போக வேண்டும். பனிக்கட்டியில் 15 கி.மீ. வேகத்தில் போக வேண்டும். 40, 30, 15 என்ற இந்த மூன்று எண்களை நினைவில் வைத்தால் போதும். சூத்திரம் எதுவும் தேவையில்லை.

மழைக்கு விலை பத்துக் கிலோமீட்டர்

ஆகவே, சாதாரண மழையில் நனைந்த சாலை முதல் வகை ஆபத்து. 40ஐ 30 ஆக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். சில இடங்களில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்.

நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழை, பெருமழையைவிட மோசமானது. சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு குழைந்து வழுக்கும். தண்டவாளத்திலும் இதே கதைதான். பெருமழை தண்டவாளத்தைக் கழுவிவிடும். தூறலும் பனித்துளியும் விழுந்தால்தான் எஞ்சின் சக்கரம் வழுக்கிச் சுழலும். அதற்காகவே எஞ்சினில் மணல் பெட்டி வைத்து, சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவுகிறார்கள். மோட்டார் சைக்கிளில் மணல் பெட்டி கிடையாது. ஆகவே முதல் மழை விழுந்தால் அரை மணி நேரம் காத்திருந்து, சாலை கழுவப்பட்டபின் புறப்படுவது நல்லது.

தோப்பும்படி தாண்டி வில்லிங்டன் தீவு வழியாக எர்ணாகுளம் போகிறவர்களுக்கு வாத்துருத்தி ரயில்வே கேட் தெரியும். நனைந்த இரும்புத் தண்டவாளத்தின் மேல் டயருக்குப் பிடிமானம் மிகக் குறைவு. அதைச் சாய்வாகக் கடந்தால் சக்கரம் பக்கவாட்டில் நழுவும். நேர்செங்குத்தாக, வண்டியைச் சாய்க்காமல், பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் தொடாமல் கடக்க வேண்டும். பாலங்களின் இணைப்பு இரும்புகளுக்கும், சாலையில் பூசிய வெள்ளைக் கோடுகளுக்கும் இதே விதிதான்.

பனிக்கட்டி சொல்லும் பாடம்

கொச்சியில் பனிக்கட்டி ஏது என்று கேட்பீர்கள். நம்மிடமிருந்து சுமார் 130 கி.மீ. தொலைவில் மூணாறு இருக்கிறது. அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ் மக்கள். டிசம்பர், ஜனவரி மாதங்களில் அங்கே உறைபனி விழுவதுண்டு. 2019 ஜனவரியில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போய், தோட்டங்களும் புல்வெளிகளும் வெள்ளையாக உறைந்து கிடந்தன. அதைப் பார்ப்பதற்கென்றே அதிகாலையில் மோட்டார் சைக்கிளில் போகிற இளைஞர்கள் நம்மிடையே உண்டு. உறைபனி புல்லோடு நின்றுவிடுவதில்லை. நிழல் விழும் வளைவுகளிலும், ஊற்றுநீர் கசியும் இடங்களிலும் தாரின் மேல் கண்ணாடி போல் படியக்கூடும். பார்வைக்கு வெறும் ஈரச் சாலை போலவே இருக்கும்.

இங்கே 15 கி.மீ. வேகத்தில் போனால் போதும் என்று கணக்கு சொல்கிறது அல்லவா? போதாது. பத்தடிக்கு ஓர் அடி ஏறும் சரிவில், உராய்வு 0.1 மட்டுமே இருந்தால், பிரேக் பிடித்து நிறுத்தி வைத்த வண்டியே தானாக வழுக்கத் தொடங்கும். வேகம் பூஜ்யமாக இருந்தும் ஆபத்து தீரவில்லை. காருக்கு நான்கு சக்கரங்கள், வழுக்கினாலும் நிற்கும். மோட்டார் சைக்கிளின் முன் சக்கரம் வழுக்கினால் வண்டி விழும், ஆளும் விழுவார். பனிக்கட்டி இரண்டாம் வகை ஆபத்து. அங்கே செய்யத் தக்கது, வெயில் ஏறிச் சாலை காயும் வரை காத்திருப்பதுதான். மணாலி–லே சாலையைக் குளிர்காலத்தில் மூடிவிடுவதும், கனடாவில் இருக்கும் நம் பிள்ளைகள் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தாலும் குளிர்காலம் முழுவதும் உறை போட்டு நிறுத்திவிடுவதும் இதனால்தான். அதைக் கோழைத்தனம் என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

நம் ஊரின் பனிக்கட்டிகள்

நம் ஊரிலும் இரண்டாம் வகை ஆபத்துகள் உண்டு.

ஒன்று, தேங்கிய வெள்ளம். மழையோடு கடல் ஏற்றமும் சேர்ந்துவிட்டால் கால்வாயில் தண்ணீர் வடியாது. சாலையும் ஓடையும் ஒன்றாகிவிடும். திறந்து கிடக்கும் ஓடை மூடியை எவ்வளவு மெதுவாகப் போனாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னது சக்கரத்துக்கும் பொருந்தும். சக்கரத்தின் அச்சுவரை தண்ணீர் நின்றால் திரும்பிவிடுங்கள். தண்ணீரில் எஞ்சின் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணீர் உள்ளே போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

இரண்டு, பாலத்தின் மேல் பக்கவாட்டில் அடிக்கும் பலத்த காற்று. மெதுவாகப் போகும் இரு சக்கர வண்டிக்கு நிலைப்பு குறைவு. ஆகவே சூறைக்காற்றில் வேகத்தைக் குறைப்பது முழு மருந்தாகாது. பின்னால் இருப்பவர் குடை பிடித்தால் அது பாய்மரம் ஆகிவிடும்.

மூன்று, இடி மின்னல். மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. துலாவர்ஷ மாதங்களில் மாலை நேரத்தில் இதை மறக்கக் கூடாது.

ரயில்வே எப்படி முடிவு செய்கிறது

ரயில்வேயில் இந்த இரண்டு வகைக்கும் தனித்தனி ஏற்பாடு உண்டு. பாதை பலவீனமாக இருக்கும் இடத்துக்குக் காஷன் ஆர்டர் கொடுப்போம். இத்தனாவது கிலோமீட்டரிலிருந்து இத்தனாவது கிலோமீட்டர் வரை இந்த வேகத்துக்கு மேல் போகாதே என்பது அதன் பொருள். இது முதல் வகை.

இரண்டாம் வகைக்குப் பாம்பன் சான்று. 1964 டிசம்பர் 22 இரவு, புயலில் சிக்கிய பாசஞ்சர் ரயிலைத் தனுஷ்கோடி அருகே கடல் கொண்டுபோனது. அதன் பிறகு, 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில் காற்றை அளக்கும் கருவி வைத்தார்கள். காற்று 58 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் சிக்னல் ரயிலை நிறுத்திவிடும். டிரைவருக்கு எத்தனை வருஷ அனுபவம் என்று அந்தக் கருவி கேட்பதில்லை. பயணிகளுக்கு என்ன அவசரம் என்றும் கேட்பதில்லை. அமைதியான நாளில் போட்ட விதி, புயல் நாளில் வேலை செய்கிறது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டுவிட்டது. பாடம் பழசாகவில்லை.

வீட்டுக்கும் இப்படி ஒரு விதி வேண்டும். வானிலைத் துறையின் நிறங்களையே எடுத்துக்கொள்ளலாம். 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை மழை எதிர்பார்த்தால் மஞ்சள். 115.6 முதல் 204.4 வரை என்றால் ஆரஞ்சு. அதற்கு மேல் என்றால் சிவப்பு. என் யோசனை இது:

மஞ்சள் நாளில் வண்டி எடுக்கலாம், 30 கி.மீ. வேகத்துக்கு மேல் கூடாது.

ஆரஞ்சு நாளில் பஸ் ஸ்டாப் வரையோ படகுத்துறை வரையோ மட்டும் வண்டி. அதுவும் தெருவில் வெள்ளம் இல்லாமல் இருந்தால்தான். 2023இல் தொடங்கிய வாட்டர் மெட்ரோ இப்போது மட்டாஞ்சேரிக்கும் வருகிறது. படகு ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

சிவப்பு நாளில் வண்டி வீட்டுக்குள்.

இந்த முடிவை முந்தின இரவே எடுத்துவிட வேண்டும். காலையில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எடுக்கும் முடிவு பெரும்பாலும் அவசரத்தின் முடிவு. நிறம் மாவட்டம் முழுவதற்கும் பொதுவானது. ஆகவே நம் தெருவையும் கண்ணால் பார்க்க வேண்டும். காலையில் வெயிலடித்து மாலையில் மழை கொட்டினால், அலுவலகத்திலேயே வண்டியை விட்டுவிட்டுப் பஸ்ஸில் வருவதில் ஒரு குறைச்சலும் இல்லை.

மே மாதத்திலேயே டயரைப் பாருங்கள். வரிப்பள்ளம் தேய்மானக் குறியைத் தொட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயம். அது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும். இல்லாத உராய்வைக் கொண்டுவந்து தராது.

கடை வைத்திருக்கும் அன்பர்களுக்கு

இவ்வளவு சொன்னாலும், "லேட்டானால் கூலியில் பிடிப்பார்கள், என்ன செய்வது?" என்று ஒரு பையன் கேட்டால் அவனிடம் உராய்வுக் கணக்கு எடுபடாது. அவன் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

கொங்கண் ரயில்வேயில் மழைக்காலத்துக்கென்று தனிக் கால அட்டவணை உண்டு. எர்ணாகுளத்திலிருந்து அந்த வழியாகப் போகிறவர்களுக்கு அது தெரியும். வேகத்தைக் குறைத்துவிட்டு, அதற்கு வேண்டிய நேரத்தை அட்டவணையிலேயே சேர்த்துவிடுகிறார்கள். டிரைவர் பறக்க வேண்டியதில்லை. பஜாரில் கடையும் கிடங்கும் வைத்திருக்கும் நம் சங்கத்து அன்பர்கள், ஜூன் முதல் தேதியே இதைப் போல ஒன்று அறிவிக்கலாம். ஆரஞ்சு, சிவப்பு நாட்களில் ஒரு மணி நேரம் தாமதமானால் கேள்வி இல்லை, பிடித்தம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். மே மாதமே அதை எழுதிக் கடைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். உங்களுக்கு ஒரு மணி நேர வியாபாரம் தள்ளிப்போகலாம். ஒரு பையன் பாலத்தின் மேல் 60 கி.மீ. வேகத்தில் வராமல் 30இல் வருவான். நனைந்த சாலையில் 60இல் வருகிறவனுக்கு, பிரேக்கைத் தொடும் அந்த ஒரு நொடியையும் சேர்த்து, நிற்க 52 மீட்டர் வேண்டும். 30இல் வருகிறவனுக்கு 17 மீட்டர் போதும்.