படத்தின் மேல் ஒரு கண்ணாடி



கடைச் சரக்கைக் கைப்பேசியில் படமெடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்பாத வியாபாரி இன்று நம்மவரில் அரிது. எடுப்பது எளிது, பார்க்கத்தக்கதாய்ச் செய்வதற்கே சிறிது பயிற்சி வேண்டும். மத்ரஸாவும் தொடக்கப்பள்ளியுமே கண்ட நானே கற்றுக்கொண்டேன் என்றால் உங்களுக்கு இது ஒரு மலையல்ல.

நான் கையாளுவது 'கிம்ப்' என்னும் மென்பொருள். கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர் இருவர் தொடங்கி, 1996இல் வெளிவந்தது. காசு கேட்பதில்லை என்பது நம் போன்றோர்க்கு நல்ல செய்தி. போட்டோஷாப் உடையவர்களுக்கும் வழி இதுவே. மெனுப் பெயர்கள் சற்று மாறும்.

முதற்பாடம் லேயர். கல்லா மேசையில் விலைப்பட்டியலை வைத்து அதன் மேல் கண்ணாடி போடுகிறோம். கண்ணாடியின் மேல் எதை எழுதித் துடைத்தாலும் பட்டியல் கெடுவதில்லை. லேயரும் அவ்வாறே. படத்தைத் திறந்ததும் லேயர் மெனுவில் 'டூப்ளிகேட் லேயர்' கொடுங்கள். இனி வேலையெல்லாம் மேலுள்ள நகலில்தான்.

இதை வற்புறுத்தக் காரணமுண்டு. என் தகப்பனார் தமது பழைய கடைவாசலில் நிற்கும் படம் ஒன்றே ஒன்று எங்களிடம் இருந்தது. அச்சுப்படம் ஈரத்தில் அழிந்தபின் மிஞ்சியது ஸ்கேன் செய்த கோப்பு மட்டுமே. மங்கலாயிருக்கிறதே என்று அதிலேயே வெளிச்சத்தைக் கூட்டி, மூலத்தின் மீதே எழுதிவிட்டேன். அவருடைய வெள்ளைச் சட்டையும் பின்சுவரும் ஒன்றாயின. நெற்றியும் கன்னமும் வெளுத்துப் போயின. கணினியில் கருமைக்கு எண் 0, வெண்மைக்கு 255. 255ஐத் தொட்ட புள்ளிகளுக்குள் பிறகு வித்தியாசமே கிடையாது. இருட்டாக்கிப் பார்த்தேன், வெறும் சாம்பல் நிறமே வந்தது.

இனி, ஒரு கைலியைப் படமெடுத்தீர்கள். பின்னால் அட்டைப் பெட்டிகள் அசிங்கமாய்த் தெரிகின்றன என்று கொள்வோம். மேல் நகலைத் தேர்ந்து, பில்டர்ஸ் மெனுவில் பிளர், அதில் 'காஸியன் பிளர்' கொடுங்கள். படம் முழுதும் புகைமூட்டமாகும், பயப்படவேண்டாம். அந்த லேயரின் மேல் வலப்பக்கச் சொடுக்குப் போட்டு 'ஆட் லேயர் மாஸ்க்' எடுத்து, வெள்ளையைத் தேர்க. மாஸ்க்கில் வெள்ளை காட்டும், கறுப்பு மறைக்கும், சாம்பல் பாதி மறைக்கும். கறுப்புத் தூரிகையால் கைலியின் மேல் தடவினால், மேற்படம் அங்கே மறைந்து அடியிலுள்ள தெளிவான கைலி தெரியும். பெட்டிகள் மங்கலாகவே நிற்கும். படத்திலேயே கரி பூசினாற்போல் வந்தால், மாஸ்க்கை விட்டுப் படத்தைத் தொட்டுவிட்டீர்கள் என்று பொருள்; கண்ட்ரோலும் இசட்டும் அழுத்தி மீளலாம். ஓரங்களுக்குச் சிறிய தூரிகை, மென்மையான விளிம்பு. எனக்கு முதற்படத்துக்கு ஒரு முழு மாலை பிடித்தது.

நிறத்தைக் கூட்டும் 'சாச்சுரேஷன்' விஷயத்தில் மட்டும் கை கட்டுப்படட்டும். பாசிப்பச்சைக் கைலியைக் கிளிப்பச்சையாக்கி அனுப்பிய ஒருமுறை சரக்கு திரும்பி வந்தது, ஏச்சும் கூடவே வந்தது.

முடிந்ததும் 'சேவ்' கொடுத்தால் எக்ஸ்சிஎப் கோப்பாக, லேயர்கள் கலையாமல் இருக்கும். அனுப்புவதற்கு 'எக்ஸ்போர்ட்' கொடுத்து வேறு பெயரில் ஜேபெக் எடுங்கள். அதே மெனுவில் 'ஓவர்ரைட்' என்று ஒரு வரி நிற்கும். அன்று நான் அழுத்தியது அதைத்தான்.